தந்தையின் கையொப்பம்

ஜூன் 9

என் எறும்புக்கு,

உன் தாத்தா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் விட்டதா? விடுதியில் குளிக்கச் சுடுதண்ணீர் தருகிறார்களா?

முதல் வரியை இன்னொரு தடவை பார். உன் தாத்தா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதவில்லை. நானே எழுதினேன். எழுபத்தொரு வயதில் இதுதான் என் முதல் கடிதம். இன்றோடு எட்டு நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு ஐந்து வரி. ஆறாவது வரிக்குப் போனால் விரல் பிடித்துக்கொள்கிறது.

மே மாதம் நீ வந்திருந்தபோது சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது காகிதத்துக்கு வந்துவிட்டேன். நூலகத்து மாடியில் எங்கள் வகுப்பில் மொத்தம் ஏழு பேர். எல்லோரையும்விட நான் பெரியவன். எனக்கு அடுத்து இஸ்திரிக்காரர். அதற்கடுத்து நம் தெரு வாட்ச்மேன். டீச்சருக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. போன வாரம் இஸ்திரிக்காரரிடம் "வீட்டுப்பாடம் எங்கே ஐயா?" என்று கேட்டார். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "பேத்தி கிழிச்சிட்டா டீச்சர்" என்றார். டீச்சர் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

தெருவில் எதைப் பார்த்தாலும் வாசிக்கிறேன். நம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் சுவரில் "இங்கே நிற்காதீர்" என்று எழுதியிருக்கிறது. இருபது வருடமாக அங்கேதான் நின்றிருக்கிறேன்.

உன் அப்பா நன்றாக இருக்கிறான். இரண்டு வேளை சாப்பிடுகிறான். நேற்று அவன் அறை ஜன்னலைத் திறந்துவிட்டேன். மறுபடி மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்ளலாமே என்று எழுதாதே. மூன்று நிமிடம் பேசுவதற்கா நான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன்? காகிதத்தில்தான் பதில் வர வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னை நினைத்தபடி,
தாத்தா


ஜூன் 26

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? வகுப்புக்கு மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். உறையைக் கொடுக்கும்போது விடுதி அம்மா, "எழுத்து இவ்வளவு பெருசா இருக்கே, உன் தம்பியா?" என்று கேட்டார். தாத்தா என்றேன். அவர் உறையைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார்.

போன சனிக்கிழமை பள்ளியில் பொறியியல் படிப்பு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்தார். "இன்ஜினியர் ஆகணும்னு ஆசை இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். எங்கள் வகுப்பில் அறுபத்து மூன்று பேர். ஐம்பத்தொன்பது கை உயர்ந்தது. என் பக்கத்தில் உட்காரும் பெண்ணை நாங்கள் வானொலி என்று கூப்பிடுவோம். அவள் இரண்டு கையையும் தூக்கினாள். "ஒண்ணு கம்ப்யூட்டர் சார், ஒண்ணு மெக்கானிக்கல்" என்றாள். ஏன் ஆசை என்று கேட்டதற்கு ஒருவன், "எனக்கு இல்ல சார், எங்க மாமாவுக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் திரையில் ஒரு படத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். சரி என்றார்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பள்ளியிலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கிறார்கள். நாற்பது பேருக்குத்தான் இடம். நான் விருப்பம் கட்டடப் பொறியியல் என்று எழுதியிருக்கிறேன். கடைசியில் தந்தையின் கையொப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதை அப்பா போட வேண்டும்.

போன ஆகஸ்டில் அப்பா மேற்பார்வை பார்த்த வேலையில் போர்டிகோ விழுந்து, அதைத் தாங்கிய முட்டுகளைக் கழற்றிய தச்சர் அதனடியில் இறந்த நாளிலிருந்து அப்பா பேனாவைத் தொடவில்லை. விசாரணைக் காகிதத்தில்கூட எதையும் எழுதவில்லை. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். கோபப்பட மாட்டார். கோபப்பட்டால்கூட நல்லதுதான்.

ஜூலை இருபதுக்குள் கொடுக்க வேண்டும். தாத்தா, இந்த ஒரு வருடத்தில் எனக்கு வேண்டும் என்று தோன்றியது இது ஒன்றுதான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் நலம் கேட்கும்,
எறும்பு


ஜூலை 11

என் எறும்புக்கு,

நான் சுகம். முட்டியும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இங்கே வெயில் குறைந்திருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. படிவம் தயார். இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது.

முழுவதையும் நானே வாசித்தேன். அரசாங்கக் காகிதம் மாதிரி ஒன்றை வாழ்க்கையில் முதல் முறையாக வாசித்தேன். பிறகு உன் அப்பாவிடம் கொண்டுபோனேன். "எறும்பு படிப்பு விஷயம்டா. ஒரு கையெழுத்துதான்" என்றேன். அவன் பார்த்தான். காகிதத்தை அல்ல, என்னை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. அவன் புரண்டு படுத்ததில் ஒரு மூலை மடங்கிவிட்டது. இஸ்திரிக்காரர் துணி விரித்து, இளஞ்சூட்டில் பெட்டியை வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தந்தையின் கையொப்பம். உன் அப்பாவின் பெயர் எனக்குத் தெரியாதா? அந்தப் பெயரை வைத்தவனே நான்தானே! நாற்பத்தாறு வருடமாக வாயால் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எழுதியதில்லை. கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் நான்கு நாள் எழுதிப் பழகினேன். ஐந்தாம் நாள் கை கழுவி, துடைத்து, படிவத்தில் எழுதினேன். பார், கோட்டைவிட்டு ஓர் எழுத்துகூட இறங்கவில்லை. புள்ளியெல்லாம் அதனதன் தலையில் இருக்கிறது. எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை காகிதத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அவனிடம் காட்டவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

நீ கேட்டு நான் செய்த முதல் எழுத்து வேலை இது. சீக்கிரம் கொடுத்துவிடு. கடைசி நாள்வரை வைத்திருக்காதே.

பெருமையோடு,
தாத்தா


ஜூலை 19

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் நலமா?

படிவம் வந்தது. எழுத்து நேராக, அழகாக இருக்கிறது. வானொலிக்குக் காட்டினேன். அவளும் அப்படித்தான் சொன்னாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள். பிறகு சொல்லவில்லை.

இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். இன்று கொடுத்துவிட்டேன்.

இங்கே மழை. துணி காயவில்லை.

உங்கள்
எறும்பு


ஆகஸ்ட் 5

என் எறும்புக்கு,

நலமா? துணி காய்ந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்கு ஒன்பது வரி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டதா? எத்தனை பெண்கள்? முதல் பாடம் என்ன? எல்லாம் எழுது.

நில அளவைக் குழுவில் நான் முப்பத்திரண்டு வருடம் கோல் பிடித்தவன் என்று உனக்குத் தெரியும். நான்கு மீட்டர் கோல். இன்ஜினியர் தூரத்தில் முக்காலி மேல் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து அளவு சொல்வார். எண்கள் அவர் பக்கம் இருக்கும். முதுகுதான் என் பக்கம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. சாயாமல் பிடித்தால் போதும். நேற்று நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கால்வாய் வேலைக்கு ஒரு குழு வந்திருந்தது. விறுவிறுவென்று போய்க் கோலுக்கு முன்னால் நின்றேன். கறுப்பும் சிவப்புமாக எண்கள். கீழிருந்து மேலே வாசித்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்திலிருந்து இன்ஜினியர், "யோவ் பெரியவரே! தள்ளி நில்லுங்க, உங்க மண்டைதான் தெரியுது!" என்று கத்தினார். எவ்வளவு தெரியுது என்று திருப்பிக் கேட்டேன். கோல் பிடித்தவர் சிரித்ததில் கோல் சாய்ந்துவிட்டது.

இந்த மாதம் பதினாலாம் தேதியோடு அந்தப் போர்டிகோ விழுந்து ஒரு வருடம். அன்று நான் வகுப்புக்குப் போகப் போவதில்லை. உன் அப்பாவோடு வீட்டில் இருப்பேன். டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

அவன் நன்றாக இருக்கிறான். போர்வை மாற்றினோம்.

உடனே பதில் எழுதும்படி கேட்டுக்கொள்ளும்,
தாத்தா


ஆகஸ்ட் 30

எறும்புக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதில் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரரை நிறுத்தி இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

நேற்று வகுப்பில் படிவம் எழுதிய கதையைச் சொன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன். வாட்ச்மேன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அது கையெழுத்தா பெரியவரே? கள்ளக் கையெழுத்து! புடிச்சு உள்ள தள்ளிருவாங்க."

"மகன் பேரை அப்பன் எழுதினா என்னய்யா தப்பு?" என்று இஸ்திரிக்காரர் சண்டைக்குப் போனார்.

"அப்ப என் பேரை நீ எழுதிக் குடுத்துட்டு என் வீட்டுச் சாவியை வாங்கிட்டுப் போவியா?"

"உன் வீட்டுல எடுக்கிறதுக்கு என்ன இருக்கு?"

டீச்சர் இருவரையும் உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "கையொப்பம்னா பேரு இல்ல ஐயா. இதை நான் பார்த்தேன், எனக்குச் சம்மதம்னு அந்த ஆளே போட்டுத் தர்ற அடையாளம். கிறுக்கலா இருந்தாலும் அவரே போடணும். வேற யாரும் போடக்கூடாது" என்றார்.

எட்டு மாதம் படித்தேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் புத்தகத்திலும் இல்லை.

உனக்குத் தெரிந்திருக்குமே, எறும்பு. படிவத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்குமே. ஏன் எனக்கு எழுதவில்லை? ஏதாவது ஆகிவிட்டதா? என்னால் உனக்கு இடம் போய்விட்டதா? ஒரு வரி எழுது.

தாத்தா


செப்டம்பர் 14

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். காலாண்டுத் தேர்வு இருந்ததால் எழுத முடியவில்லை. மன்னியுங்கள். முட்டிக்குத் தைலம் போடுகிறீர்களா?

நீங்கள் பயப்படும்படி ஒன்றும் ஆகவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். வகுப்பு நடக்கிறது. வாட்ச்மேன் சொல்வதைக் கேட்டுப் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு பரவாயில்லை. தூக்கம் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடியில் யாரும் இருக்கமாட்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எறும்பு


அக்டோபர் 4

மாணவியின் தந்தைக்கு வணக்கம்.

நான் உங்கள் மகளின் வகுப்பாசிரியை. கணக்குப் பாடம் எடுக்கிறேன். இதற்கு முன் இரண்டு கடிதங்களை உங்கள் மகளிடமே கொடுத்து அனுப்பச் சொன்னேன். அவை உங்களுக்கு வந்து சேரவில்லை என்று இப்போது தெரிகிறது. அதனால் நானே தபாலில் அனுப்புகிறேன்.

ஜூலை மாதம் அவள் கொடுத்த விருப்பப் படிவத்தில் உங்கள் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் பெயர், சிறு குழந்தை எழுதியதுபோல் எழுதப்பட்டிருந்தது. சேர்க்கையின்போது நீங்கள் போட்ட கையொப்பத்தோடு அது ஒத்துவரவில்லை. யார் எழுதியது என்று கேட்டேன். "நான்தான் டீச்சர்" என்றாள். வேறு வழியில்லாமல் அவள் பெயரை ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலிருந்து நீக்கினோம். வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவள் ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. ஜூன் மாதக் கூட்டத்தில் பேராசிரியர் ஒரு படம் காட்டினார். முட்டு எடுத்ததும் விழுந்துவிட்ட ஒரு போர்டிகோ. ஏன் விழுந்தது என்று கேட்டார். மற்ற அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்கள் மகள் எழுந்து, "மேல்கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கியிருக்கும் சார், மேல இருந்தாத்தான் அது தாங்கும்" என்றாள். பேராசிரியர் அசந்துபோனார். "இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அக்டோபர் 31க்குள் நீங்கள் நேரில் வந்து கையொப்பமிட்டால் அந்த இடத்தை அவளுக்குத் தர முடியும். அதற்குப் பிறகு என் கையில் இல்லை.

வகுப்பாசிரியை


அக்டோபர் 13

எறும்புக்கு,

நலமாக இரு. நான் இருக்கிறேன்.

உன் டீச்சரின் கடிதம் வந்தது. உன் அப்பா பெயருக்குத்தான் வந்தது. நான்தான் பிரித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியும் அல்லவா?

ஒரு பகல் முழுவதும் ஆனது. "நான்தான் டீச்சர்" என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடியில் யாரும் இல்லை, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். எல்லோரும் வகுப்புக்குப் போயிருக்கும்போது நீ மட்டும் மாடியில் இருந்திருக்கிறாய். எழுத்துக் கூட்டி வாசித்தேனே தவிர, எனக்கு அது விளங்கவில்லை.

தாத்தா எழுதியது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பா ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை, இல்லையா? பதில் எழுத வேண்டாம்.

மறுநாள் காலை உன் அப்பா அறைக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிதத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். என் வாசிப்பு உனக்குத் தெரியும். மாட்டு வண்டி மேடு ஏறுகிற மாதிரி. நடுவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "போ" என்று ஒரு தடவை. "போர்" என்று ஒரு தடவை. சுவர்ப் பக்கத்திலிருந்து, "போர்டிகோ" என்று குரல் வந்தது.

நான் அடுத்த சொல்லுக்குப் போனேன். நீ பேராசிரியருக்குச் சொன்ன பதிலை வாசித்தபோது அவன் எழுந்து உட்கார்ந்தான். முழுவதையும் வாசித்து முடித்தேன்.

"அது என் கையெழுத்து இல்ல" என்றான்.

"இல்லடா. நான் எழுதினது."

"நீங்க ஏன்பா எழுதினீங்க?"

"தெரியாமத்தான் எழுதிட்டேன். ஆனா முழுசா வாசிச்சுப் பார்த்துத்தான்டா எழுதினேன்."

"நான் பார்க்கல" என்றான்.

எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கான்கிரீட் போட்ட அன்றைக்கு மழை. ஏணி வழுக்கும் சார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கம்பி கட்டியதைச் சரிபார்த்தேன் என்ற தாளில் கீழே நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரே ஒரு தடவை மேலே ஏறியிருந்தால் தெரிந்திருக்கும். பதினாலு மாதமாக நம் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது நான்தான் எழுதுகிறேன். எழுதுவது சொல்வதைவிடச் சுலபமாக இருக்கிறது.

கடிதத்தைக் கேட்டுக் கையை நீட்டினான். கொடுத்தேன். தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வருவானா என்று எனக்குத் தெரியாது.

என் எழுத்தால் உன் இடம் போனது. அதற்கு என்ன எழுதுவது என்று இன்னும் நான் படிக்கவில்லை.

தாத்தா


நவம்பர் 1

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? சாப்பிட்டீர்களா?

நேற்று அப்பா வந்தார்.

மூன்றாவது பாடவேளையில் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். அது தொளதொளவென்று இருந்தது. முகம் வழித்திருந்தார், காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. என்னைப் பார்த்து, "இளைச்சுட்ட" என்றார். நீங்களும்தான் என்றேன்.

டீச்சர் புதுப் படிவத்தை வைத்தார். அப்பா வாசித்தார். முன்பக்கம் வாசித்துத் திருப்பி, பின்பக்கம் வாசித்து, மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். கிளார்க் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அப்பா என்னிடம், "உனக்கு இது வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். "என்ன நடந்ததுன்னு தெரிஞ்சும் வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கிளார்க் பழைய சேர்க்கைப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சார், இது ஒத்துவரலையே" என்றார்.

உண்மைதான் தாத்தா. பழையது ஒரே இழுப்பில் போட்டது, கடைசியில் மேலே ஏறிப் போகும். இது எழுத்தெழுத்தாக நின்றது. வேறொரு தாளில் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். மூன்றும் மூன்று மாதிரி இருந்தன.

"கையெழுத்து வரமாட்டேங்குதே சார். என்ன வேலை பார்க்கிறீங்க?"

அப்பா, "கட்டட வேலை" என்றார்.

"அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதா? எழுதிப் பழக்கம் இருக்காது. பரவாயில்ல, கைநாட்டு வச்சாலும் செல்லும்" என்று கிளார்க் மைப் பெட்டியைத் திறந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தார். டீச்சர் சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பொறியாளர் என்று அப்பா கையாலேயே எழுதியிருக்கிறது. டீச்சர் அந்தப் படிவத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டார். அப்பா இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, படிவத்தில் வைத்து அழுத்தினார். சீராக விழுந்தது. கிளார்க், "நல்லா விழுந்திருக்கு" என்றார்.

என் இடம் உறுதியாகிவிட்டது. நாற்பதாவது பெயர்.

வாசல்வரை அப்பாவோடு நடக்க டீச்சர் அனுமதி கொடுத்தார். மைதானம் பாதிவரை நடந்தோம். பிறகு அப்பா, "அந்தப் படம் நம்ம போர்டிகோதானா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"மேல்கம்பி இறங்கிடுச்சுன்னு சொன்னியாமே."

"ஆமா."

"அவ்வளவுதான் சொன்னியா?"

"இன்னொண்ணும் சொன்னேன். டீச்சர் எழுதல போல. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி யாராவது மேல ஏறிப் பார்த்திருக்கணும்னு சொன்னேன்."

அப்பா நின்றுவிட்டார். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணும் சத்தம் கேட்டது. எட்டுவரை எண்ணி முடித்தார்கள்.

"சரியான பதில்" என்றார்.

பேருந்து வந்தது. ஏறினார். நான் அழவில்லை. அவரும் அழவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போய், கரும்பலகையில் இருந்த கணக்கை எழுதிக்கொண்டேன்.

எழுத்தைப் பற்றி வருத்தப்படாதீர்கள் தாத்தா. கொடுத்தது நான்தான்.

அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாரா? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

எறும்பு


நவம்பர் 4

எறும்புக்கு,

உன் அப்பா அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றினான். "பசிக்குதுப்பா" என்றான்.

சோறு போட்டேன். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

இன்றும் பசிக்கிறது என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன பாடம் என்று எழுது.

தாத்தா